சாமிக்காட்டுக்குக் காக்கை வந்த கோடை

போடிமெட்டுக்கு ஏறுகிற வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். பச்சை மரங்கள், நடுவில் ஓட்டு வீடு, வீட்டுக்கு மேலே இந்த மலையில் நான் பார்த்தே இராத ஏதோ ஒரு நீலப் பறவை. 'பறவைகளின் குரலில் கண் விழியுங்கள்' என்று எழுதியிருக்கிறது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். என்னோடு போடியில் படித்து, இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற சிலர் அங்கே மனையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்தப் போர்டை வைத்தவன் என் தம்பி. இன்னார் வந்தார்கள், இன்னார் பார்த்தார்கள் என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறான்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், கடைசிக் காலத்தை மரத்தடியில் குருவிச் சத்தத்தோடு கழிக்கலாம் என்பது உங்கள் நினைப்பு. ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் கட்டுகிறோம் என்று அவன் சொன்னதையும் நம்பியிருப்பீர்கள். நம்பலாம். அவன் பொய் சொல்லவில்லை. வெட்ட மாட்டான். எங்கள் அப்பாவும் வெட்டவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு நயமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மா பிரசவத்துக்குச் சிலமலைக்குத் தாய்வீடு போய்விட்டாள். என்னையும் அங்கே வைத்துக்கொண்டால் சிரமம் என்று, பொங்கல் கழிந்ததும் அப்பா என்னை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் அத்தையிடம் விட்டார். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் என்ன ஆவது என்று யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை பாதி வருடம் பள்ளிக்குப் போகாவிட்டால் அப்போது யாருக்கும் குடி முழுகிப்போகவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காரணத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அப்பா அவளை எங்கள் ஏலத்தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். தோட்டத்துக்கு வீட்டாள் ஒருத்தர் வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார். தோட்டத்தைப் பார்க்கக் கங்காணி இருந்தார். வேலையாட்களும் கங்காணியும் பொழுது சாயும் முன்னால் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் அத்தை ஒருத்திதான். முப்பது வயதுகூட ஆகாத பெண். அப்பா அதைக் கௌரவம் என்று நினைத்தார். தங்கையை ஒளித்துவைத்தார், அவ்வளவுதான்.

இரண்டு அறை தகர வீடு. முன்னால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சாமிக்காடு. ஏலத்தோட்டம் போட்ட காலத்தில் தோட்டத்துக்கு ஒரு துண்டுக் காட்டைக் கன்னிமாருக்கென்று தொடாமல் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓடைத் தலைப்பில் ஏழு கல் நட்டிருக்கும். முதல் காய் எடுப்புக்கு முன்னால் அங்கே பொங்கல் வைப்போம். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: அதற்குள் இருக்கிற எந்த மரத்திலும் கத்தி படக் கூடாது. தோட்டம் சரிவில் இருந்தது. சாமிக்காடு மட்டும் தாம்பாளம் மாதிரி சமதளம்.

காலையில் அங்கிருந்து வருகிற சத்தத்தை எப்படிச் சொல்ல. இருட்டு விலகும் முன்பே ஓடைக்கல்லில் உட்கார்ந்து ஒரு குருவி விசிலடிக்கும். ஆள் அடிக்கிற விசில் மாதிரியே இருக்கும், பாட்டுப் பாதியில் மறந்துபோனவன் அடிக்கிற விசில். அத்தை மலைக்கு வந்த புதிதில் எவனோ தன்னைப் பார்த்துத்தான் விசிலடிக்கிறான் என்று விளக்குமாற்றோடு ஓடைக்கு இறங்கியிருக்கிறாள்.

"போயி எவன்டா அவன்னு நின்னா, கறுப்பா, தோள்ல மட்டும் நீலமா, கோழிக்குஞ்சு தண்டிக்கு ஒண்ணு ஒக்காந்துருக்கு. வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு நின்னேன். அதும் என்னயப் பாக்குது, நானும் அதப் பாக்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

விசில் அடங்குவதற்குள் குக்குறுவான் தொடங்கும். பிறகு மரப்புறாவின் முனகல், கரிச்சானின் திட்டு, சருகைக் கிளறிக்கொண்டு கூட்டமாகப் போகிற தவிட்டுக்குருவிகளின் சண்டை. புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி. பெயர் தெரியாதது இன்னும் எத்தனையோ. வெயில் ஏறும்வரை பேச்சுக் குரல் காதில் விழாது.

அத்தைக்கு அது பிடிக்காது. இதை நன்றாக மனதில் வையுங்கள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே காட்டைப் பார்த்து, "வாய மூடுங்க சனியனுகளா, மனுசக் குரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்று கத்துவாள். ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "ஆத்தா, நான் பேசுறது ஒழுங்கா இருக்கா? இதுகளோட இருந்து இருந்து என் பேச்சும் கீச்சுக்கீச்சுன்னு ஆயிருச்சோன்னு பயமா இருக்கு."

நான் வந்த சில நாளில் தை அமாவாசை. அத்தை குளித்துச் சமைத்து, செத்துப்போன தாய் தகப்பனுக்கு இலையில் சோறு வைத்துத் தகரக் கூரைமேல் ஏற்றிவிட்டு, கா கா என்று கூப்பிட்டாள். மலையில் ஏது ஊர்க்காக்கை. மலையணில் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கரிச்சான் ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அத்தே, அதும் கறுப்புத்தான" என்றேன். எனக்குப் பசி.

"கறுப்பா இருந்தா காக்காயாடி? அதுக்குச் சோறு ஆகாது."

காக்கை தின்னாமல் அத்தை தின்ன மாட்டாள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. கடைசியில் இலையை எடுத்து ஓடையில் விட்டுவிட்டு வந்து, "செத்தவுகளுக்குக்கூட என் வாசல் தெரியல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை.

அதே மாதத்தில்தான் சாமிக்காட்டில் இருவாச்சிப் பறவை கூடு அடைந்தது. பெரிய மரம் ஒன்றில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. பெட்டை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைத் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி அடைத்துவிட்டது. அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் பாக்கி. எங்கள் கங்காணி கேரளத்துப் பக்கமே வேலை பார்த்துப் பழகியவர். "வேழாம்பலு. குஞ்சு பெரிசாகிற வரைக்கும் வெளிய வராது பாப்பா. ஆம்பளதான் பழம் கொண்டாந்து ஊட்டணும்" என்றார்.

சேவல் வரும்போது கிழவன் இருமிச் சிரிப்பது மாதிரிச் சத்தம் கேட்கும். வந்து பட்டையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துக் கீறலில் கொடுக்கும். உள்ளே தின்றுவிட்டு விதையை வெளியே துப்பும். மரத்தடியில் விதையாகக் கிடக்கும். சிவப்பு, கறுப்பு, எண்ணெய் தேய்த்த மாதிரி பழுப்பு, வரி போட்டது, போடாதது. நான் அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். பொறுக்காமல் விட்டவை அங்கேயே முளைத்தன. கால் வைக்க இடமில்லாமல் கன்றுகள், இந்த மலையில் உள்ள மரமெல்லாம் விரற்கடை உயரத்தில்.

அந்த டப்பா போன இடம் தெரியவில்லை. அம்மா எறிந்திருப்பாள். இருந்தாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு எதுவும் முளைத்திருக்காது.

மாசியில் அப்பா தன் சிநேகிதரை அழைத்து வந்தார். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர், நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். சாமிக்காட்டில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். மண்டி மாமா சட்டையைக் கழற்றி விசிறிக்கொள்ளப் போய், விசிற வேண்டியதில்லை என்று கண்டு சிரித்தார்.

"மாப்ளே, கீழ தலையில தீ வச்ச மாதிரி இருக்கு. இங்க பாரு, கொட்டகையில ஏசி போட்ட மாதிரி. ஒரு வீடு இருந்தா கோடைக்குப் பிள்ளகுட்டிகளோட வந்துறலாம்ல?"

"சாமிக்காடுய்யா இது" என்றார் அப்பா.

"சாமிய வெளிய போகச் சொன்னேனா? அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம பாட்டுக்கு இருப்போம். என்னயக் கேட்டா அதுக்கும் துணைதான."

"மரத்துல கத்தி படக் கூடாது."

"அத எதுக்கு வெட்டுற? மரத்துக்கு மரம் எடம் கெடக்குல்ல, அதுல கட்டு. நீ கட்டுனா எங்க பஜார்லயே அஞ்சாறு பேரு வாங்குவாக."

அப்பா அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாமிக்கும் குறை இல்லை, நமக்கும் குறை இல்லை என்று ஒரு வழி அகப்பட்ட மனிதனின் பார்வை. ஏலச்செடி நிற்கிற மண்ணில் வீடு கட்ட அவருக்கு மனம் வராது. சாமிக்காட்டில் செடி இல்லை.

காப்பி கொண்டுவந்த அத்தை நின்றுவிட்டாள். "அண்ணே, பொம்பளைகளும் வருவாகளா?"

"குடும்பத்தோடதான் வருவாக. ஏன்?"

"இல்ல, கேட்டேன்." காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கும் அதுல ஒரு வீடு கட்டிருவோம்" என்றார் அப்பா.

அடுத்த தடவை ஜீப்புப் போனபோது அத்தை டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கிவரச் செய்தாள். இருந்த வீட்டில் இரண்டு பேர். அவற்றைப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. வர்றவுகளுக்குப் புதுசாக் குடுக்கணும்ல என்றாள். யார் எந்த வீட்டுக்கு வருவார்கள், யாரோடு ஓடையில் துவைப்பது, யார் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது என்று என்னிடம் பேசிக்கொண்டே தூங்கிப்போவாள். மாவு இரவல் வாங்க ஒரு வீடு வேண்டும், சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

பங்குனியில் வேலை தொடங்கியது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மரத்தில் ஒரு கீறல் விழக் கூடாது என்று கங்காணியை நிறுத்திவைத்தார். ஒரு கொத்தனார் சாந்துச் சட்டியை மாட்ட மரத்தில் ஆணி அடித்தான் என்று அவனைக் கூலி கொடுத்து இறக்கிவிட்டார்.

கீழே உள்ளதை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். புதர், கொடி, பிரம்பு, பெரணி, குறிஞ்சிச் செடி, முழங்கால் அளவு சருகு, இருவாச்சி மரத்தடியில் இருந்த கன்றுகள், எல்லாம். மண்வெட்டியாலும் அரிவாளாலும் வெட்டி, குவித்து, தீ வைத்தார்கள். ஏலக்காட்டுக்காரனுக்கு மேலே மரம் இருந்தால் அது காடு. கீழே இருப்பதெல்லாம் களை. தோட்டத்தில் அப்படித்தான் செய்வோம், நிழலை விட்டுவிட்டு அடியைச் சுத்தம் பண்ணுவோம். அதே கையால் அதே வேலையைச் சாமிக்காட்டிலும் செய்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. "கோயில் பிரகாரம் மாதிரி ஆயிருச்சு பாரு" என்றார் அப்பா. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. தூண் தூணாக மரங்கள், நடுவே பெருக்கிவிட்ட தரை. நான் அதில் ஓடி விளையாடினேன்.

முதலில் போனவை தரையில் இருந்தவை. கிளறச் சருகு இல்லாமல் தவிட்டுக்குருவிகள் போயின. ஒளியப் புதர் இல்லாமல் காட்டுக்கோழி போனது. ஓடையை மறித்துத் தொட்டி கட்டியதும் விசில்காரன் போனான். போனது என்று யாரும் கவனிக்கவில்லை. கல் உடைக்கிற சத்தத்தில் என்ன கேட்கும்?

பிறகு காக்கை வந்தது.

கொத்தனார்கள் அங்கேயே பொங்கித் தின்றார்கள். கஞ்சியும் மீன் முள்ளும் மிச்சச் சோறும் குழியில் கொட்டினார்கள். லோடு ஜீப்புக்குப் பின்னாலேயே வந்ததோ என்னவோ, ஒரு காலையில் சாம்பல் கழுத்து ஊர்க்காக்கை ஒன்று அத்தையின் கூரைமேல் உட்கார்ந்து கரைந்தது. அத்தை அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"காக்கா வந்துருச்சுடி. காக்கா கத்துனா ஆளு வரும். வெரசா ஒரு கை சோறு கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். காக்கை தின்றது. அத்தை கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். தாய் தகப்பன் வழி கண்டுபிடித்து வந்துவிட்டதாக நினைத்தாள். அன்றிலிருந்து தினமும் முதல் கவளம் கூரைக்குப் போனது. ஒன்று இரண்டானது, இரண்டு கூட்டமானது. அத்தை ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்தாள். "இது எங்கப்பன் மாதிரியே தலையச் சாச்சுப் பாக்குது" என்பாள்.

அந்தக் காக்கைகள் சோற்றைத் தின்றுவிட்டு மரத்துக்கு மரம் போயின. குக்குறுவான் பொந்தில் தலையை விட்டன. கரிச்சான் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டு பறந்ததை நானே பார்த்தேன். கரிச்சான் கத்திக்கொண்டே பின்னால் பறந்தது. மறுநாள் அது கத்தவில்லை. அத்தையிடம் சொன்னேன். "காக்கான்னா அப்படித்தான் இருக்கும். அதையும் கடவுள்தான படைச்சாரு" என்றாள்.

இருவாச்சிச் சேவல் தூரத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கியது. மரத்தடியில் கல் உடைத்தார்கள். பக்கத்தில் சாந்து குழைத்தார்கள். அது கிட்ட வந்தால் காக்கைகள் நாலைந்து சேர்ந்து விரட்டின. பழத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனது. நான் கங்காணியிடம் சொன்னேன். "நாலு நாள்ல பழகிரும் பாப்பா. மனுசனே எல்லாத்துக்கும் பழகிர்றான்" என்றார். பழகவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாகி, பிறகு அந்த இருமல் சிரிப்புக் கேட்கவே இல்லை. கீறலில் அலகு மட்டும் தெரிந்தது. திறந்து திறந்து மூடியது.

நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். அந்த வாரம் அப்பா வந்தபோது அவளே கேட்டாள்.

"அண்ணே, ஒரு மாசம் வேலைய நிறுத்தி வைக்க முடியுமா?"

"எதுக்கு?"

"அந்தப் பொந்துல ஒண்ணு கெடக்கு. குஞ்சு வெளிய வந்துட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

அப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "குருவிக்காகவா? வைகாசியில மழை புடிச்சா கூரை போட முடியாது. அவுகளும் இந்தக் கோடைக்கு வர்றோம்னு இருக்காக. இப்ப இல்லன்னா அம்புட்டுப் பேரும் கொடைக்கானல் பாத்துப் போயிருவாக. வேணாம்னா சொல்லு, இப்பவே எல்லாத்தையும் விட்டுறலாம். நீ பாட்டுக்கு முன்ன மாதிரி தனியா இருந்துக்க."

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அத்தை மரத்தைப் பார்த்தாள். பாதி எழும்பிய சுவர்களைப் பார்த்தாள். அவற்றில் ஜன்னலுக்கு விட்ட ஓட்டைகள் இருந்தன.

"இல்லண்ணே. நடக்கட்டும்" என்றாள்.

சில நாளில் கீறலில் அலகு தெரியவில்லை. அந்தப் பூச்சு உள்ளிருந்து உடைபடவே இல்லை. வைகாசி மழையிலும் கரையவில்லை. அடுத்த வருடம் நான் போனபோதும் அப்படியே இருந்தது, யாரோ கட்டி முடித்துவிட்டுப் போன சுவர் மாதிரி.

இதைக் கேட்டுவிட்டு, அத்தையும் பொந்துக்குள் அடைபட்டவள்தானே என்று யாராவது உருக்கமாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தப் பறவைக்கு இரை கொண்டுவர ஒருவன் இருந்தான், நாம் அவனை வரவிடவில்லை. அத்தைக்கு அப்படி யாருமே இல்லை.

புது வீடுகளில் குடிபுகுந்த அன்று ஜீப்புகள் வரிசையாக வந்தன. அத்தை புதுச் சேலை கட்டி, டம்ளர்களைத் துடைத்து, பானகம் கரைத்து வைத்திருந்தாள். வந்தவர்கள் தங்கள் சமையல்காரரையும் பாத்திரங்களையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். ஒரு அம்மாள் அத்தையைக் கூப்பிட்டு, "நீங்க இங்க சமையலுக்கு இருக்கீகளா, காவலுக்கா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அத்தை நின்றாள். "ரெண்டுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, பானகத்தை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடியவில்லை. மிச்சத்தைக் கொட்டினோம்.

அவர்கள் பதினைந்து நாள் இருந்தார்கள். பிள்ளைகள் கவட்டையில் கல் வைத்து, மரத்தில் மிஞ்சியிருந்த குருவிகளை எல்லாம் அடித்தார்கள். மழை வந்ததும் பூட்டினார்கள். சாவிகளை அத்தையிடம் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு நாயையும் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருடா வருடம் இதேதான். கோடையில் கொஞ்ச நாள் கூச்சல், மற்ற மாதமெல்லாம் பூட்டு. முதலில் வந்தவர்கள் செத்தார்கள், அவர்களின் பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். அத்தையின் அதே தகர வீட்டுக்கு எதிரே வரிசையாகப் பூட்டிய வீடுகள். யாரும் இல்லாத காட்டில் தனியாக இருந்தவள், யாரும் இல்லாத தெருவில் தனியாக இருந்தாள். காக்கைக்கு மட்டும் குறைவில்லை.

அப்பா கடைசிவரை அந்தக் காட்டைக் காட்டி, ஒரு மரம் வெட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிஜம்தான். இன்றும் போய்ப் பாருங்கள், அதே மரங்கள் நிற்கின்றன. எல்லாம் கிழடு. காற்றடிக்கும்போது ஒவ்வொன்றாகச் சாய்கிறது. சாய்ந்த இடத்தில் ஒன்றும் வருவதில்லை. பழம் தின்று விதை போட்டவை போய்விட்டன. காக்கையும் மைனாவும் மாடப்புறாவும் போடுகிற விதையில் அந்த மரங்கள் முளைக்காது. முளைப்பதையும் தோட்டக்காரன் வாரம் ஒருமுறை சுரண்டிவிடுகிறான்.

போன மாதம் தம்பி என்னைக் காரில் அழைத்துப் போனான். அவனுக்கும் ஐம்பது ஆகிறது. பழைய வீடுகளை வாங்கியவர்களின் வாரிசுகளிடமிருந்து திரும்ப வாங்கி, மீதித் தோட்டத்தையும் சேர்த்து மனை போட்டிருக்கிறான். ஏலக்காய்க்கு விலை நிலையில்லை என்கிறான். அதுவும் உண்மையாக இருக்கலாம். மரத்தடியைப் பெருக்கி, நடைபாதைக் கல் பதித்திருந்தான்.

"ஒரு மரங்கூட வெட்டலக்கா" என்றான். அப்பா வாயிலிருந்து அப்படியே பிடுங்கின மாதிரி இருந்தது. அவர் அதைச் சொன்ன வருடத்தில்தான் இவன் பிறந்தான்.

"மொளச்சது ஒண்ணு காட்டுடா" என்றேன்.

"என்னது?"

"இந்தக் காட்டுல தானா மொளச்ச ஒரே ஒரு கன்னு. காட்டு."

"நர்சரியில இருந்து வாங்கி நடுறோம்க்கா. சில்வர் ஓக்கு. வெரசா வளரும்."

அவனோடு பேச முடியாது. அப்போதுதான் விசில் கேட்டது.

பாட்டுப் பாதியில் மறந்தவனின் அதே விசில். அரை நூற்றாண்டுக்கு முந்திய காலை அப்படியே வந்து காதில் நின்றது. பிறகுதான் உறைத்தது: உச்சி வெயில். ஓடையில் தண்ணீர் இல்லை. அவன் இருட்டில் பாடுகிறவன். தம்பி சிரித்தான்.

"ஸ்பீக்கருக்கா. வர்ற கஸ்டமருக்கு ஒரு ஃபீல் வேணும்ல. மரத்துல வச்சா ஆணி அடிக்கணும், அப்பா இருந்தாத் திட்டுவாருன்னு அத்தை வீட்டுச் செவுத்துல மாட்டிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அவனை என்னென்னவோ திட்டினேன். மனை பார்க்க வந்தவர்கள் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று அத்தை வீட்டுக்கு நடந்தேன்.

அத்தை உள்ளே கட்டிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எண்பதை நெருங்குகிறாள். கண் பாதிதான். என் குரலைக் கேட்டதும் எழுந்து, பலகையைத் தடவி ஒரு டம்ளரை எடுத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அடியில் விரலுக்குக் கடைச் சீட்டின் காய்ந்த ஓரம் தட்டுப்பட்டது.

பிளக் ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. குனிந்து கையை வைத்தேன்.

"என்னடி பண்றே?"

"இந்தச் சனியனப் புடுங்கப் போறேன் அத்தே. இது நெசக் குருவி இல்ல, ஒயர்ல வருது. ஊர ஏமாத்துறான் இவன்."

"ஒயர்ல வர்றது எனக்குத் தெரியாதாக்கும். கண்ணுதான் போச்சு, கூறு இருக்கு. மத்தியானத்துல விசிலடிக்கிறானே, அதுலயே தெரியலயா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அமத்தாதடி."

"அத்தே..."

"அன்னிக்கு வாய மூடுங்கன்னு நாந்தான் கத்துனேன். மூடிக்கிருச்சுக. இது ஒண்ணுதான் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் என்கிட்டப் பேசுது. இருந்துட்டுப் போகட்டும்."

கையை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்ய? கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசில் முடிந்து குக்குறுவான் வந்தது, பிறகு காட்டுக்கோழி, பிறகு எந்த நாட்டுப் பறவையோ ஒன்று. பாட்டு முடிந்து நின்றது. திரும்பத் தொடங்குவதற்குச் சிறிது நேரம் ஆகும் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் காட்டின் சொந்தச் சத்தம் கேட்டது. கூரையில் காக்கை நடந்தது. எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடியது. வேறு ஒன்றும் இல்லை.

அத்தை என் கையைப் பிடித்தாள். "அமத்திட்டியாடி?"

"இல்லத்தே. இந்தா வந்துரும்" என்றேன்.

வந்தது.